மிரட்டாத சங்கு

தம்பி,

நேற்று நீ போனில் போட்டுக் காட்டிய மூன்று சத்தங்களில் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வாரக் கடைசிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உன் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும் என்றாய். கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. நீ சென்னைக்கு பஸ் ஏறும் முன்பே பேசியிருக்க வேண்டிய விஷயம்தான். அன்றைக்குப் புளிசாதம் கட்டுவதிலும், போர்வை எடுத்தாயா சார்ஜர் எடுத்தாயா என்று கேட்பதிலுமே என் வாய் தீர்ந்துபோயிற்று. போனில் சொன்னால் "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். எழுத்தில் அப்படி நழுவ முடியாது. இதை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதுமில்லை. விஜயா அக்காவுக்கும், தெருவில் கேட்க விரும்புகிற மற்றவர்களுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் உனக்கு அனுப்புவேன். நீ செய்துகொண்டிருக்கும் சத்தம் நம் இருவர் விஷயமில்லை. என்றைக்காவது காற்றில் விஷம் கலந்தால் நம் தெருவை எழுப்பப் போகிற சங்கு அது.

என் சுபாவம் உனக்குத் தெரியும். உன் அப்பா துறைமுகத்திலிருந்து வண்டி நிறைய மீன் ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்பு வரை போய் விற்கிறவர். அவர் வீட்டுக்கு எடுத்துவரும் மீனையே நான் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கழுவுவதில்லை. "கட்டுன புருஷன் கொண்டாந்த மீனு, அதுக்குமாடி சோதனை?" என்பார். ஆமாம், அதற்கும்தான். சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குச் சந்தேகம் என்பது கெட்ட குணமில்லை; மூக்கு மாதிரி அதுவும் ஓர் உறுப்பு. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் காற்றை மோந்து பார்க்கிறோம், பிறகுதான் வாசல் தெளிக்கிறோம். போதாததற்கு நான் உன்னைப் பெற்றது பத்தொன்பது வயதில். கல்லூரியில் இரண்டாம் வருட இயற்பியல் தேர்வை, ஒலியும் அலையும் என்ற தாளை, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று எந்தத் தாளிலும் வரவில்லை. தெரியாமலே வளர்த்தவளுக்குச் சந்தேகம் ஒன்றுதான் துணை.

அதனால்தான் நீ சிதம்பரத்தில் படிக்கப் போய், லீவுக்கு வரும்போதெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் தலையாட்டியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. முதலில் பெண் விவகாரம் என்று நினைத்தேன். போனில் யாரிடமும் நீ பேசுவதாகவே தெரியவில்லை; அப்புறம் கஞ்சாவோ என்று பயந்தேன். நீ குளிக்கப் போன நேரத்தில் உன் சட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். வேர்வை நாற்றம் தவிர ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதே எனக்கு இன்னும் பெரிய சந்தேகமானது. நான் வேலை பார்க்கிற மஞ்சக்குப்பத்து ஆபீஸில் தலைவலி என்று லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் மாடியறை. கைலியோடு கதவைத் திறந்த உன் அறைத்தோழன் பரங்கிப்பேட்டை இஸ்மாயில் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "டேய், ரெய்டுடா! உங்கம்மா!" நீ ஏதோ அவசரமாக மூடினாய். நான் போய்த் திறந்தேன். லேப்டாப். திரை முழுக்க மேடும் பள்ளமுமாகக் கோடுகள். "இன்னாடா இது?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா. சத்தம்" என்றாய். "எதுல இருந்து வர்ற சத்தம்?" "எதுல இருந்தும் இல்லம்மா." அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஒரு சத்தம் என்றால் அடித்த ஒன்று இருக்க வேண்டும், அடிபட்ட ஒன்று இருக்க வேண்டும். தோல், கம்பி, தொண்டை, ஏதாவது. எதிலிருந்தும் வராத சத்தத்தை நான் எப்படி நம்புவேன்?

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். வேறு யாரோ வாசித்துப் பதிவு செய்த சத்தத்தை எடுத்து ஒட்டுவது உனக்குப் பிடிக்காது. ஒன்றுமில்லாத ஒரு வெறும் அலையில் ஆரம்பித்து, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஏற்றி, வேண்டாததை வடிகட்டி, எப்படித் தொடங்க வேண்டும் எப்படி அடங்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கையால் வரைந்து, நீயே ஒரு வாத்தியத்தை உண்டாக்குகிறாய். அப்படி உண்டாக்கியவற்றைக் கோத்துத்தான் உன் பாட்டு. வெறும் அலையை மட்டும் போட்டுக் காட்டினாய். கல்லூரி லேபில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே பிடித்த இசைக்கவை ஞாபகம் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ இன்னும் நாலைந்து அலைகளைச் சேர்த்தாய், கைபோன போக்கில் சேர்ப்பது மாதிரி. தொடக்கத்தைச் சுருக்கென்று ஆக்கினாய், முடிவை நீள விட்டாய். "இப்பக் கேளும்மா" என்று ஒரு பொத்தானை அழுத்தினாய்.

கோயில் மணி. உச்சிகால பூஜையில் திரை விலகும்போது அடிக்கிற கண்டாமணி. நான் யோசிக்கவேயில்லை, என் கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இஸ்மாயில் கட்டிலில் விழுந்து சிரித்தான். "அம்மா லேப்டாப்ப கும்பிட்டுட்டாங்கடா!" நீயும் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்து, உங்களுக்குத் தோசை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆனால் கடலூர் வரும்வரை எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. மணி இல்லை, நாக்கு இல்லை, அடித்த கை இல்லை. இருந்தும் என் கை எழுந்தது. பெண் விவகாரமோ கஞ்சாவோ இல்லை என்ற நிம்மதி அரைவழிகூடத் தாங்கவில்லை. இல்லாத ஒன்றுக்கு மனுஷர்களை எழுந்திருக்க வைக்கிற வித்தை என் பிள்ளைக்குக் கைவந்திருக்கிறது, அதை அவன் எதற்கெல்லாம் பயன்படுத்துவான், யாரெல்லாம் அவனைப் பயன்படுத்துவார்கள் என்று அப்போதே பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் அப்பா மீன்கதையை ஆரம்பித்துவிடுவார்.

பிறகு விஜயா அக்கா மகளின் வளைகாப்பு. பந்தலில் பாட்டுப் போட ஆள் வரவில்லை என்று உன்னைத்தான் கூப்பிட்டார்கள். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, உன் லேப்டாப்பிலிருந்து கம்பியில்லாமலே பாட்டு வரும்படி செய்தாய். பெண்ணை மணையில் உட்கார வைத்து வளையல் அடுக்கி முடிந்ததும், உன் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து அறைக்குள் புகுந்துகொண்டாய். அங்கே உன் பாட்டைத் திறந்தாய். அந்தப் பாட்டின் நடுவில் ஆலைச் சங்கை வைத்திருந்தாய். அதுவும் பதிவு செய்ததில்லை, நீயே அலை அலையாகக் கட்டியது. லேப்டாப் இன்னும் தென்னைமரத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பதை நீ மறந்துபோனாய்.

நம் தெருவில் பிறந்த குழந்தைக்கும் சங்குப் பாடம் தெரியும். ஏறி ஏறி இறங்கினால் ஆபத்து. ஒரே நீட்டாக ஊதினால் சரியாகிவிட்டது, திரும்பி வரலாம். உன் சங்கு ஏறி இறங்கியது. இலையில் பரிமாறிக்கொண்டிருந்த எலுமிச்சை சாதம் அப்படியே கிடக்க, பெண்கள் குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டார்கள். யாரோ கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று கத்தினார்கள். பக்கவாதம் வந்த கோதண்டம் மாமாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓட, அவர் நாற்காலியில் இருந்தபடியே "டேய், ஆட்ட அவுத்தீங்களாடா? என்னைய அப்புறம் தூக்கலாம், ஆட்ட அவுங்கடா!" என்று கத்திக்கொண்டே போனார். எல்லோருக்கும் முன்னால் ஓடியது அந்த வளைகாப்புப் பெண்தான். முழங்கை வரை கண்ணாடி வளையல் குலுங்க, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஓடி, தெருமுனையில் தடுக்கி முழங்காலில் விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். நான் ஈரத்துண்டோடு வீட்டுக்குள் பாய்ந்து உன் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடா, சங்கு ஊதுது, வாடா!" நீ வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாய். "அம்மா, அது கம்பெனி இல்லம்மா. அது நான்."

சத்தத்தை நீ நிறுத்தியிருந்தாய். ஆனால் நின்ற சங்குக்கு நம் ஊரில் ஒரு அர்த்தமும் கிடையாது. சங்கு ஊதினால் தெருவே போய் ஒதுங்குகிற சவுக்குத் தோப்புக்கு நான் ஓடினேன். எல்லோரும் அங்கே மூக்கைப் பொத்தியபடி நின்றார்கள். "ஒண்ணுமில்ல, எல்லாரும் வாங்க, ஒண்ணுமில்ல" என்றேன். விஜயா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்லன்னுதான் கம்பெனிக்காரனும் எப்பவும் சொல்றான். நீ எப்போலேர்ந்துடி அவுங்களோட சேந்த?" சரி, உண்மையையே சொல்வோம் என்று, "அது என் புள்ள லேப்டாப்புல போட்ட சத்தம்க்கா" என்றேன். தோப்பே சிரித்தது. "உம் புள்ள லேப்டாப்பு சங்கு ஊதுமா? அப்ப எங்க காது இன்னா, புண்ணாக்கு தின்ற காதா? கம்பெனி சங்கு எங்களுக்குத் தெரியாதா?" நாற்காலியிலிருந்து கோதண்டம் மாமா தீர்ப்பு சொன்னார்: "நீட்டு சங்கு வரட்டும்மா. அது வராம ஒருத்தனும் நவுர மாட்டான்." கர்ப்பிணிப் பெண் வெறும் மணலில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வராத சங்குக்காக அவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார்கள்.

திரும்பி ஓடிவந்து, "நீட்டு சங்கு செய்டா" என்றேன். நீ முழித்தாய். "அது எப்படிம்மா இருக்கும்?" அந்தச் சங்கை நீ கவனித்ததேயில்லை, ஓடச் சொல்கிற சத்தத்தைத்தான் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். நான் வாயால் ஊதிக் காட்டினேன். முதல் அலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மெதுவான அலையை நீ எடுத்துவிட்டாய், சத்தம் ஒரே இடத்தில் நின்றது. "இவ்ளோ சுத்தமா இருக்காதுடா. தொண்ட கட்டுன மாதிரி இருக்கும்" என்றேன். கரகரப்பைச் சேர்த்தாய். "இன்னும் கீழ." இறக்கினாய். "ஆரம்பத்துல ஒரு எக்கு எக்கிட்டுதான் நிக்கும்." அதையும் வரைந்தாய். என் வாழ்க்கையிலேயே உன்னோடு உட்கார்ந்து நான் செய்த ஒரே இசை அதுதான். தோப்பில் அத்தனை பேர் வெயிலில் காத்திருந்தார்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன்: அந்தச் சில நிமிஷம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு நீ பொத்தானை அழுத்தினாய், தென்னைமரம் ஒரே நீட்டாக ஊதியது.

அவர்கள் வந்தார்கள். வாசலில் நின்று பார்த்தேன். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, சாதம் ஆறியிருக்குமே என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் காற்றை மோந்து பார்க்கவில்லை. ஒருவரும் கொடியில் கிடந்த வேட்டியைப் பார்க்கவில்லை. நான் சொன்ன உண்மையை நம்பாதவர்கள், நாம் இருவரும் கட்டிய பொய்யை நம்பி வந்தார்கள். அன்றைக்குக் காற்று நல்ல காற்று, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கெட்ட காற்றாக இருந்து, வேறு யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து அந்த நீட்டுச் சத்தத்தைப் போட்டிருந்தாலும் இப்படித்தானே சிரித்துக்கொண்டு வந்திருப்பார்கள்? அன்றிலிருந்து கம்பெனி சங்கு சரியாகிவிட்டது என்று ஊதினாலும் நான் தோப்பைவிட்டு உடனே கிளம்புவதில்லை. காற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். "படிச்ச பொம்பள, சங்கையே நம்ப மாட்டா" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் உன்னை நிறுத்தி, இரண்டு சங்கையும் சன்னமாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். விஜயா அக்கா கையில் இருந்த விளக்குமாற்றாலேயே உன் காலில் இரண்டு போட்டாள். பிறகு அவளே "இன்னொரு வாட்டி போடுடா" என்றாள். கோதண்டம் மாமாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "ஊருக்கே சங்கு ஊதிட்டு நிக்கறான் பாரு, மொகத்தப் பாரு" என்று அவர் சிரித்ததை யாரோ போனில் படமெடுத்து அனுப்ப, அது ஊர் ஊராகச் சுற்றி, ஆலைகளுக்கு எச்சரிக்கைக் கருவி செய்கிற உன் ஆபீஸ்காரர் வரை போய்ச் சேர்ந்தது.

அவர் நம் வீட்டுக்கு வந்த நாளை நீ சந்தோஷத்தோடு நினைத்துக்கொண்டிருப்பாய். உன் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்ட முதல் வெளிமனிதர் அவர். நான் கண்ணை மூடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப இருக்கற சைரன் ரொம்ப மிரட்டுதுங்க. ஜனங்க பதறிடறாங்க. மிரட்டாத மாதிரி, இதமா ஒண்ணு வேணும். மொதல்ல இந்தப் பக்கத்து யூனிட்டுலதான் வைப்போம்" என்றார். காபியைக் கையில் வாங்கியவர் முகத்தைச் சுளித்துச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏதோ வாடை வருதே, அந்த ஜன்னல கொஞ்சம் சாத்திக்கலாமா?" என்று கேட்டார். நீ எழுந்து போய்ச் சாத்தினாய். எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜன்னலைச் சாத்தினால் வாடை போய்விடும் என்று நினைக்கிறவர் அவர். சங்கின் மிரட்டல் போனால் ஆபத்தும் கொஞ்சம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள்தான் அவருக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

உன் பக்கத்து நியாயத்தையும் நான் மறக்கவில்லை. "பயந்து ஓடினாதாம்மா வுழுவாங்க. அந்த அக்கா வுழுந்தத நான் பார்த்தேன். நிதானமா போகச் சொல்ற சத்தம் ஒண்ணு ஏன் இருக்கக் கூடாது?" என்று நீ கேட்டாய். அவளுடைய முழங்காலை நினைத்துத்தான் நீ இந்த வேலைக்கே போனாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவும், "போவட்டும் வுடு. மத்த புள்ளைங்க எல்லாம் அந்தக் கம்பெனிக்குள்ளயே போயி வேவுதுங்க, இவனாச்சும் ஏசி ரூம்புல உக்காரட்டும். உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் ஜாஸ்தி" என்றார். நான் உன் துணிகளை மடித்து வைக்கப் போய்விட்டேன். ஆனால் தம்பி, நிதானமாக நடந்துபோக நமக்கு நேரம் இருக்கும் என்று யார் உனக்குச் சொன்னார்கள்? அவளுக்கு முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டது. பெண் குழந்தை பிறந்து அதுவும் தவழ ஆரம்பித்துவிட்டது. விழுந்து எழுந்தவளைத் தேற்றலாம். எழுந்திருக்காமலே இருந்துவிட்டவளை என்ன செய்வாய்?

நேற்று நீ போன் செய்தபோது நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, மூணு சங்கு போடறேன், எது நல்லாருக்குன்னு சொல்லு" என்றாய். முதலாவது பழைய சங்கின் சாடை. மூன்றாவது ஏதோ லிஃப்ட் திறக்கிற மாதிரி. இரண்டாவது, அது எவ்வளவு அழகு! அடியிலிருந்து மெதுவாகக் கிளம்பி, அலை கரையேறுகிற மாதிரி ஏறி, வலிக்காமல் இறங்கியது. என் பிள்ளை எங்கிருந்தோ, எதிலிருந்தும் இல்லாமல், இதை உண்டாக்கியிருக்கிறான் என்று பெருமையாக இருந்தது. முழுதும் கேட்டேன். மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். போனை வைத்த பிறகு பார்த்தால் கையில் இருந்த வெங்காயம் முழுதும் உரித்து முடிந்திருந்தது. அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. சங்கு என்று நீ சொல்லிவிட்டுத்தான் போட்டாய். சங்கு என்று தெரிந்துதான் கேட்டேன். இருந்தும் இந்தத் தெருவிலேயே அதிகம் சந்தேகப்படுகிறவள், புருஷன் கொண்டுவந்த மீனையே நம்பாதவள், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு தடவை ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. நானே எழவில்லை என்றால் இந்தத் தெருவில் யார் எழுந்திருப்பார்கள்?

அதனால் இரண்டாவதைக் கொடுக்காதே. அது கெட்ட சத்தம் என்பதால் இல்லை. உன் பாட்டில் வைத்துக்கொள், ஆயிரம் பேர் கேட்டு உருகட்டும், நானும் கேட்கிறேன். தொழிற்பேட்டைக் கம்பத்தில் மட்டும் அதை ஏற்றாதே. ஆபீஸில் இன்னும் கொஞ்சம் நாள் கேள். கொடுக்கவில்லை என்றால் அவர்களைக் கவனித்துப் பார். எதற்காக அவசரப்படுகிறார்கள் என்று உனக்கும் சந்தேகம் வரும். புதிதாக ஒன்று செய். மக்களைத் தடுக்கி விழவைக்காமல், ஆனால் நிச்சயமாக எழுப்புகிற ஒன்று. அப்படி ஒன்று இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. இல்லாத மணிக்குக் கையெடுக்க வைத்தவனுக்கு முடியலாம்.

செய்து முடித்ததும் போனில் போடாதே. போன் என்றால் நான் அம்மாவாகத்தான் கேட்பேன், அழகாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வா. என்றைக்கு வருகிறாய், எந்த நேரத்தில் போடப் போகிறாய் என்று எனக்குச் சொல்லாதே. நான் துணி மடித்துக்கொண்டோ டிவி பார்த்துக்கொண்டோ இருக்கும்போது அறைக்குள்ளிருந்து போடு. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நான் வாசலுக்கு ஓடினால், அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடு. "எவ்ளோ நல்லாருக்குடா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன் என்றால் என் கண்ணெதிரே அழித்துவிடு. இதெல்லாம் உன்னை வீட்டுக்கு வரவழைக்க அம்மா போடுகிற திட்டம் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். சந்தேகப்பட்டுக்கொண்டே வா.